டெஃப்பா, டி.சி.எஃப்பா, டெல்ஃப்பா? 16 மார்க்குல நான் கத்துக்கிட்ட பிரெஞ்சு

(எபிசோடோட எழுத்து வடிவம். வாசிக்கத் தோதா சில இடங்கள்ல மட்டும் திருத்தியிருக்கேன்.)

இன்னிக்கும் சூளகிரியில, எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்துதான் பேசுறேன். பின்னாடி லாரி சத்தம் கேட்டா மன்னிச்சிக்கோங்க. தேசிய நெடுஞ்சாலை 44 நம்ம வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அதை நிறுத்துற அளவுக்கு எனக்கு இன்னும் செல்வாக்கு வரல.

போன எபிசோடுல பிரெஞ்சுத் தேர்வு எழுதினதைப் பத்தி ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, எந்தப் பரீட்சை எழுதணும்?" இன்னும் சில பேர், "மூணு மாசத்துல பி2 முடிச்சுத் தர்றோம்னு ஒரு இன்ஸ்டிடியூட்ல சொல்றாங்க, சேரலாமா?"ன்னு கேட்டிருந்தாங்க. அதனால இன்னிக்கு முழுக்க இதுதான். நான் பண்ண தப்பையும் சேர்த்தே சொல்றேன், ஏன்னா அந்தத் தப்புக்கு நான் நிறைய விலை கொடுத்தேன்.

முதல்ல என் கணக்கு. இந்த எபிசோடுக்கே காரணம் அதுதான். எனக்கு 29 வயசு. கல்யாணம் ஆகல. பி.இ. முடிச்சிருக்கேன். எலக்ட்ரானிக் சிட்டியில அஞ்சாறு வருஷ வேலை அனுபவம். ஐ.ஈ.எல்.டி.எஸ்.ல சி.எல்.பி. 9 இருக்கு. கனடாவோட எக்ஸ்பிரஸ் என்ட்ரியில இதுக்கு எவ்வளவு பாயின்ட் வருதுன்னு போடுவோம். வயசுக்கு 110. டிகிரிக்கு 120. இங்கிலீஷுக்கு 124. டிகிரியும் இங்கிலீஷும் சேர்ந்ததுக்கு 25. வெளிநாட்டு வேலை அனுபவமும் இங்கிலீஷும் சேர்ந்ததுக்கு 50. மொத்தம் 429.

429-ஐ வெச்சு என்ன பண்ணலாம்? 2024 பிப்ரவரி 28-ல நடந்த பொதுச் சுற்றோட கட்-ஆஃப் 534. அங்க நமக்கு இடமே இல்ல. அதுக்கு மறுநாள், பிப்ரவரி 29, பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குன்னு தனிச் சுற்று நடந்துச்சு. அதோட கட்-ஆஃப் 336. ஒரே வாரம், ஒரே நாடு, நடுவுல கிட்டத்தட்ட 200 பாயின்ட் பள்ளம். இந்த ரெண்டு நம்பரைப் பார்த்த ராத்திரிதான் நான் பிரெஞ்சு படிக்கிறதுன்னு முடிவு பண்ணேன். மொழி மேல காதல்னு பொய் சொல்ல மாட்டேன்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, கியூபெக்குக்கு வெளியே இருக்கிற மாகாணங்கள்ல பிரெஞ்சு பேசுறவங்களோட பங்கு குறைஞ்சுட்டே வருதுன்னு கனடா அரசாங்கத்துக்குக் கவலை. அதனால அந்த மாகாணங்களுக்கு வர்ற புதுக் குடியேறிகள்ல 2024-ல 6 சதவீதம் பேர் பிரெஞ்சு பேசுறவங்களா இருக்கணும்னு இலக்கு வெச்சாங்க. அடுத்தடுத்த வருஷங்களுக்கு இன்னும் ஏத்துனாங்க. 2023-ல இருந்து பிரெஞ்சுக்குன்னு தனிச் சுற்று நடக்குது. விதி எப்ப வேணா மாறலாம், அதனால நான் சொல்றதை வெச்சு மட்டும் பணம் கட்டாதீங்க. கனடா குடியேற்றத் துறையோட தளத்துல ஒரு தடவை நீங்களே பார்த்துக்கோங்க.

சரி, எந்தத் தேர்வு?

நம்ம ஆளுங்க வாயில அடிபடுற பேர் மூணு. டெல்ஃப், டெஃப், டி.சி.எஃப். மூணும் ஒண்ணுதான்னு நினைச்சீங்கன்னா என் கதை உங்களுக்கும் நடக்கும்.

டெல்ஃப் ஒரு டிப்ளமா. பிரான்ஸ் கல்வி அமைச்சகத்தோட பேர்ல வர்றது. ஏ1, ஏ2, பி1, பி2ன்னு நாலு படி, ஒவ்வொண்ணும் தனித்தனிப் பரீட்சை. அதுக்கு மேல டால்ஃப்ல சி1, சி2. 100-க்கு 50 எடுக்கணும், நாலு பகுதியிலயும் 25-க்குக் குறைஞ்சது 5 வரணும். பாஸ் ஆயிட்டா ஆயுசுக்கும் செல்லும். பிரான்ஸ்ல பிரெஞ்சு மீடியத்துல டிகிரி படிக்கணும், இல்ல இங்கயே பிரெஞ்சு தெரிஞ்ச ஆளைத் தேடுற கம்பெனியில வேலைக்குப் போகணும்னா டெல்ஃப் பி2 நல்ல சரக்கு.

ஆனா கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு டெல்ஃப் செல்லாது. திரும்பச் சொல்றேன், செல்லாது. அதுக்கு ரெண்டே தேர்வுதான். ஒண்ணு டெஃப் கனடா, பாரிஸ் வர்த்தக சபை நடத்துறது. இன்னொண்ணு டி.சி.எஃப். கனடா, ஃபிரான்ஸ் எஜுகேஷன் இன்டர்நேஷனல் நடத்துறது. இது ரெண்டுலயும் பாஸ், ஃபெயில் கிடையாது. நீங்க எந்த மட்டத்துல இருக்கீங்கன்னு அளந்து சொல்லும், அவ்வளவுதான். அந்த அளவு ரெண்டு வருஷம்தான் செல்லும். கியூபெக்குக்குத் தனி முறை இருக்கு, அதுக்கு வேற பேர்ல தேர்வும் இருக்கு. பேர்ல "கனடா"ன்னு இருக்கான்னு பார்த்துட்டுப் பணம் கட்டுங்க.

நான் முதல்ல போன பயிற்சி மையத்துல, "டெல்ஃப் போடுங்க தம்பி, எல்லாத்துக்கும் ஆகும்"னு சொன்னாங்க. நானும் கேள்வி கேக்காம டெல்ஃப் பி1-க்குப் பணம் கட்டி, எழுதி, 71 வாங்கி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போட்டேன். அது கனடா கணக்குல ஒரு பாயின்ட் கூட தராதுன்னு தெரிஞ்சது ஸ்டேட்டஸ் போட்ட மூணாவது நாள். கோடு எழுதுறதுக்கு முன்னாடி ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்டைப் படின்னு ஆபீஸ்ல ஜூனியர்ஸ்கிட்ட தினமும் சொல்றவன் நான். சிரிச்சிக்கோங்க.

டெஃப், டி.சி.எஃப். ரெண்டுல எது?

கனடாவுக்கு ரெண்டும் ஒரே மதிப்பு. எது சுலபம்னு கேக்காதீங்க, எது உங்க குணத்துக்குப் பொருந்தும்னு பாருங்க.

டெஃப் கனடாவுல பேச்சுத் தேர்வு 15 நிமிஷம், ரெண்டு பகுதி. முதல்ல ஒரு விளம்பரத்தைக் கொடுப்பாங்க. நீங்க போன் பண்ணி விவரம் கேக்குற மாதிரி கேள்வி மேல கேள்வியா கேக்கணும். அடுத்தது ஒரு நண்பரை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைக்கணும். முதல் பகுதியில "வூ", ரெண்டாவதுல "த்யூ". நம்ம "நீங்க", "நீ" மாதிரியேதான். இங்கிலீஷ்காரங்க இதுக்குத் தடுமாறுவாங்க, நமக்கு இது பிறவியிலயே இருக்கு. எழுத்துல ஒரு செய்தியோட ஆரம்பத்தைக் கொடுத்து மிச்சத்தை எழுதச் சொல்வாங்க, குறைஞ்சது 80 வார்த்தை. அப்புறம் ஒரு கருத்தைப் பத்தி பத்திரிகைக்குக் கடிதம், குறைஞ்சது 200 வார்த்தை.

டி.சி.எஃப். கனடாவுல பேச்சு 12 நிமிஷம், மூணு வேலை. உங்களைப் பத்திப் பேசுறது, ஒரு சூழ்நிலையில கேள்வி கேட்டு விவரம் வாங்குறது, ஒரு விஷயத்துல உங்க கருத்தைச் சொல்றது. ரெண்டாவதுக்கு மட்டும் 2 நிமிஷம் யோசிக்க நேரம் உண்டு. எழுத்துலயும் மூணு சின்ன வேலை. கடைசி வேலையில ரெண்டு எதிரெதிர் கருத்தைப் படிச்சு, சுருக்கி, உங்க பக்கத்தைச் சொல்லணும். கேட்டல்ல 39 கேள்வி, 35 நிமிஷம். வாசிப்புல 39 கேள்வி, 60 நிமிஷம். சுலபத்துல ஆரம்பிச்சுக் கஷ்டமா ஏறிக்கிட்டே போகும். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால எதையும் காலியா விடாதீங்க. ஆடியோ ஒரே தடவைதான் ஓடும்.

வாய் திறந்தா நிறுத்தாம வாதாடுற ஆளுன்னா டெஃப் பாருங்க. சின்னச் சின்னத் துண்டா இருந்தா சமாளிப்பேன்னா டி.சி.எஃப். ரெண்டுக்கும் மாதிரித் தேர்வு இணையத்துல இலவசமா கிடைக்குது. டி.சி.எஃப்-க்கு டிவி5 மாண்ட் தளத்துலயே இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து ரெண்டையும் நேரம் வெச்சு எழுதிப் பாருங்க, பதில் தன்னால தெரியும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி, எழுத்துத் தேர்வு பேப்பர்லயா கம்ப்யூட்டர்லயான்னு சென்டர்ல கேளுங்க. கம்ப்யூட்டர்னா எந்த கீபோர்டுன்னும் கேளுங்க. பிரான்ஸ் கீபோர்டுல எழுத்துகளோட இடமே மாறியிருக்கும்.

சென்டர்னு பார்த்தா, சென்னை நுங்கம்பாக்கத்துல அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கு, 1953-ல இருந்து. புதுச்சேரியில இருக்கிறது அதைவிடப் பழசு, 1889. நம்ம ஓசூர், சூளகிரி ஆளுங்களுக்கு பெங்களூர் வசந்த நகர்ல இருக்கிறதுதான் பக்கம். சீட் சீக்கிரம் தீந்துடும், எந்த ஊர்ல எந்தத் தேதியில எந்தத் தேர்வுன்னு முன்னாடியே பார்த்து வெச்சுக்கோங்க.

16 மார்க்

நான் டி.சி.எஃப். எடுத்தேன். முதல் தடவை ரிசல்ட் வந்த அன்னிக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் டிராஃபிக்ல, பஸ்ல நின்னுக்கிட்டிருந்தேன். போன்ல திறந்தேன். வாசிப்பு என்.சி.எல்.சி. 8. எழுத்து 7. பேச்சு 7. கேட்டல் 442.

கேட்டல்ல என்.சி.எல்.சி. 7-க்கு 458 வேணும். எனக்கு 16 குறைச்சல், அதாவது 6.

இதுல என்ன போச்சுன்னு சொல்றேன். நாலுலயும் 7 இருந்திருந்தா ரெண்டாவது மொழிக்கு 12, கூடுதலா 50, ஆக 62 பாயின்ட். 429, 491 ஆகியிருக்கும். ஒண்ணே ஒண்ணு 6 ஆனதால 50 முழுசா போச்சு, 12-ம் 10 ஆச்சு. அதைவிடப் பெருசு, பிரெஞ்சுச் சுற்றுக்கே தகுதி இல்ல. நாலுலயும் 7 இருந்தாதான் அந்தக் கதவு. மூணு பாடத்துல டிஸ்டிங்ஷன் வாங்கி ஒண்ணுல அரியர் வெச்ச கதைதான். இன்னொரு பக்கம் கடிகாரம் ஓடுது. 30 முடிஞ்ச அன்னிக்கே வயசுப் பாயின்ட் 110-ல இருந்து 105 ஆகும். 31-ல 99.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசல. அப்பா கொத்தமல்லிக் கட்டு கட்டிக்கிட்டிருந்தார். நம்ம ஊர்ல கொத்தமல்லி, புதினா எவ்வளவு போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். பெங்களூர் வியாபாரி ஒருத்தர் வண்டியோட நின்னார். அப்பா அவர்கிட்ட கன்னடத்துல விலை பேசுறார். அப்பாவுக்குக் கன்னடத்துல ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஆனா அந்தப் பேச்சுல ஒரு கட்டுக்கு ஒரு ரூபா கூட அவர் விடல.

அங்கதான் எனக்கு உறைச்சது. எங்க வீட்ல தெலுங்கு. பள்ளிக்கூடத்துல தமிழ். பஸ்ல, மார்க்கெட்ல கன்னடம். காலேஜ்ல, ஆபீஸ்ல இங்கிலீஷ். இதுல முதல் மூணுமே எனக்குக் காது வழியா வந்த மொழி. பிரெஞ்சை மட்டும்தான் நான் செமஸ்டர் பரீட்சை மாதிரி, நோட்டு போட்டு, வினைச்சொல் அட்டவணை ஒட்டி, கண்ணால படிச்சேன். பிளஸ் டூவுல மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த என் சிநேகிதனுக்கும் இதே கதை. இலக்கணம் பிரமாதம், ஆனா யாராவது பேசினா முழிப்பான்.

காதால படிக்கிறது எப்படி?

பிரெஞ்சுல வார்த்தைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். "வூ", "ஆவே" ரெண்டும் சேர்ந்தா "வூஸாவே". நான் தேர்வுல "ஸாவே"ன்னா என்னன்னு மண்டையில தேடிக்கிட்டிருந்தேன், அதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுச்சு. ஆனா இது நமக்குப் புதுசா? "மணியடிச்சாச்சு"ன்னு கேட்டா "யடிச்சாச்சு"ன்னா என்னன்னு யாராவது தேடுவோமா? ஒன்பதாம் வகுப்புல திட்டிக்கிட்டே படிச்ச புணர்ச்சிதான் இது. அப்படி நினைச்சதும் பயம் பாதி போயிடுச்சு.

அடுத்தது மூக்கொலி. பிரெஞ்சு கத்துக்கிறவங்க இதுக்குத்தான் மாசக்கணக்குல மல்லுக்கட்டுவாங்க. நீங்க "மரம்", "வந்தான்"னு பேச்சு வழக்குல சொல்லிப் பாருங்க. கடைசியில உதடும் நாக்கும் முழுசா மூடாது, சத்தம் மூக்கு வழியா போய் முடியும். பிரெஞ்சு "போன்", "வான்" எல்லாம் அந்த இடத்துலதான் இருக்கு. தமிழ் பேசத் தெரிஞ்ச மூக்குக்கு இதுல பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சாச்சு.

எண்கள்தான் நிஜமான கண்ணிவெடி. 70-ன்னா "அறுபது பத்து". 80-ன்னா "நாலு இருபது". 97-ன்னா "நாலு இருபது பத்து ஏழு". ரயில் நேரம், விலை, போன் நம்பர்னு கேட்டல்ல வந்துக்கிட்டே இருக்கும். நான் பண்ணது, பஸ் ஜன்னல்ல எதிர்ல வர்ற லாரியோட கடைசி ரெண்டு நம்பரைப் பிரெஞ்சுல சொல்றது. சூளகிரியில இருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் லாரிக்கா பஞ்சம்?

தினசரி வேலை இப்படி வெச்சுக்கிட்டேன். காலையில பஸ்ல ஆர்.எஃப்.ஐ. வானொலியோட எளிய பிரெஞ்சுச் செய்தி, பத்து நிமிஷம். எழுத்து வடிவமும் கிடைக்கும், ஆனா முதல் தடவை பார்க்கக் கூடாது. ரெண்டாவது தடவை ஒரு நிமிஷத் துண்டை மட்டும் எடுத்து, காதுல விழுந்ததை அப்படியே எழுதணும். மூணாவது தடவை எழுத்து வடிவத்தோட ஒத்துப் பார்த்து, எங்க விட்டேன்னு சிவப்புல வட்டம் போடணும். முதல் வாரம் என் பக்கம் முழுக்க சிவப்பு. வட்டம் போட்டதுல முக்கால்வாசி எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான்னு அப்புறம்தான் புரிஞ்சுது. வார்த்தைப் பஞ்சம் இல்ல, காதுப் பஞ்சம்.

அது கொஞ்சம் பழகினதும் இன்னர்பிரெஞ்ச் பாட்காஸ்ட், அதுக்கப்புறம் கனடா உச்சரிப்புக்கு ரேடியோ கனடாவோட ஓடியோ ஆப். சாயங்காலம் திரும்பும்போது அதே துண்டைக் கூடவே முணுமுணுக்கிறது. பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பழகிடும். ராத்திரி அரை மணி நேரம் கடிகாரம் வெச்சு எழுத்து. சனிக்கிழமை ஆன்லைன்ல ஒரு டீச்சர்கூட ஒரு மணி நேரம் பேச்சு மட்டும், இலக்கணம் பேசக் கூடாதுன்னு ஒப்பந்தம்.

"மூணு மாசத்துல பி2" கேள்விக்கும் இங்கயே பதில் சொல்லிடுறேன். பூஜ்யத்துல இருந்து பி2-க்கு சுமாரா 600 மணி நேரம்னு பொதுவா சொல்வாங்க. தினம் ரெண்டு மணி நேரம்னா 300 நாள். மூணு மாசத்துல முடிக்கணும்னா தினம் ஆறரை மணி நேரத்துக்கு மேல, ஒரு நாள் லீவு இல்லாம. வேலைக்குப் போறவங்களால அது ஆகுமான்னு நீங்களே யோசிங்க. விளம்பரம் கொடுக்கிறவங்களுக்கு உங்க முதல் மாச ஃபீஸ் போதும். 30-ஐ நெருங்கினவங்க பின்னாடி இருந்து கணக்குப் போடுங்க. ரிசல்ட் வர வாரக்கணக்குல ஆகும், ரெண்டாவது தடவை எழுத ஒரு இடம் வைங்க, முதல் தேர்வைப் பிறந்த நாளுக்கு ஆறு மாசம் முன்னாடி போடுங்க.

ரெண்டாவது தடவை

நாலு மாசம் கழிச்சு மறுபடி எழுதினேன். கேட்டல் 476. மத்த மூணும் 7-க்குக் கீழ போகல. இப்ப என் பேர் 491-ஓட அந்தக் குளத்துல மிதக்குது. அழைப்பு இன்னும் வரல, வந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன்.

ஒண்ணு மட்டும் சொல்லாம முடிச்சா நேர்மையா இருக்காது. ரிசல்ட்டைச் சொன்னதும் அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "அங்க போயி இந்தப் பாஷையை யார்கிட்டடா பேசுவ?" என்கிட்ட நல்ல பதில் இல்ல. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியா போறவன் கியூபெக்குக்கு வெளியேதான் குடியேறணும். அங்க பெரும்பாலான ஊர்ல கடையில, ஆபீஸ்ல இங்கிலீஷ்தான். அதாவது நான் அதிகம் பேசப் போகாத ஒரு மொழியில பரீட்சை எழுதி, அது பேசுற ஊருக்கு வெளியே போறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. கொத்தமல்லி அறுப்புக்கு ஆள் கிடைக்கிறதில்ல. பாயின்ட் கணக்குல இதுக்கெல்லாம் கட்டம் இல்ல. அழைப்பு வந்தா போவேனான்னு கேட்டா, இன்னிக்குத் தேதிக்கு எனக்குத் தெரியாது. முடிவெடுக்கிற உரிமை என் கையில இருக்கணும்னுதான் எழுதினேன். அந்த அளவுக்கு அது கிடைச்சிருக்கு.

ஆனா ஒரு விஷயம் நடந்துச்சு. போன வாரம் பஸ்ல ஆர்.எஃப்.ஐ. செய்தி கேட்டுக்கிட்டே வந்தேன். சாந்தபுரா தாண்டும்போதுதான் கவனிச்சேன், பத்து நிமிஷமா நான் மனசுக்குள்ள மொழிபெயர்க்கவே இல்ல. கன்னடம் எனக்கு எப்ப புரிய ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இல்ல பாருங்க, அது மாதிரி.

சரி மக்களே, நீங்க செய்ய வேண்டியது மூணு. எதுக்காக எழுதுறீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. அந்த இடத்துல எந்தத் தேர்வு செல்லும்னு அவங்க தளத்துலயே பாருங்க, ஏஜென்ட் வாயில இல்ல. அப்புறம் இன்னிக்கே பத்து நிமிஷம் காதைத் திறங்க. அடுத்த எபிசோடுல ஓசூர்ல ஃபேக்டரி வேலை பார்த்துக்கிட்டே ஜெர்மன் படிக்கிற ஒரு தம்பி வர்றார். உங்க கேட்டல் மார்க்கை எனக்கு அனுப்புங்க, குறைவா இருந்தாலும் அனுப்புங்க. நான் 442-ஐச் சொல்லிட்டேன்ல? வர்றேன், டாட்டா.